கழுவிவிட்டு வந்த கால்கள்

பெரிய வியாழன் முடிந்த மறுவாரம் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அவருடைய பங்கு ஆலயத்தில் அன்றைக்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவியிருக்கிறார். பன்னிரண்டு பேருமே வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பளிச்சென்று வந்து உட்கார்ந்தார்களாம். "ஏற்கெனவே சுத்தமான காலை வருஷத்துக்கு ஒரு தடவை கழுவுவதில் என்ன தாழ்மை இருக்கிறது? கிறிஸ்துவின் அன்பைக் காட்டுகிற சேவை என்றால் உண்மையில் என்ன? படிப்பு முடிந்ததும் வடக்கே எங்கேயாவது போய் ஏழைகளுக்காக வேலை செய்ய ஆசை. வீட்டில் பாட்டிக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. இப்போது போகாதே என்கிறார் அம்மா." இதுதான் அவர் கேட்டது.

தம்பி, கழுவிவிட்டு வந்த கால்களை நீங்கள் கவனித்தீர்களே, நல்ல கண் உங்களுக்கு. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். இருபத்தாறு வருஷம் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் புண் கட்டும் பிரிவில் வேலை பார்த்தவள் நான். காலை எட்டு மணிக்கு வரிசையாகப் பேசின்கள், அவற்றில் தண்ணீர், தண்ணீருக்குள் கால்கள். அந்த வேலையைப் பல வருஷம் செய்த பிறகுதான், அந்தக் கால் கழுவலைச் சொல்கிற யோவான் சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

அந்த அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். செருப்புக் கால்களோடு புழுதியில் நடந்து வந்தவர்கள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது அந்த ஊர் வழக்கம்; கழுவிக்கொள்வது அவரவர் வேலை, இல்லையென்றால் வீட்டு அடிமையின் வேலை. எபிரெயனாகப் பிறந்த அடிமையிடம் இந்த வேலையைச் சொல்லக்கூடாது என்று பழைய யூத போதனை ஒன்றும் உண்டு. அவ்வளவு கீழாக வைத்திருந்தார்கள் இதை. அதே இரவில், அதே பந்தியில், தங்களுக்குள் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் செய்ததாக லூக்கா எழுதுகிறார். அந்த நேரத்தில்தான் இயேசு எழுந்து, மேலுடையைக் கழற்றிவைத்து, "ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு" பாத்திரத்தில் தண்ணீர் வார்க்கிறார். சீலை என்ற அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடுப்படியில் ஈரக்கையைத் துடைக்கிற துணி மாதிரி இருக்கிறது.

மற்ற மூன்று சுவிசேஷங்களும் அந்தப் பந்தியில் அப்பமும் திராட்சரசமும் கொடுத்ததைச் சொல்கின்றன. யோவான் அதைச் சொல்லாமல், அந்த இடத்தில் இதை வைத்திருக்கிறார். இன்னொன்றையும் பாருங்கள். கழுவும்போது யூதாஸ் அங்கேதான் இருக்கிறான். அப்பத்துணிக்கையை வாங்கிக்கொண்டு அவன் வெளியே போவது அப்புறம்தான். என்ன செய்யப்போகிறான் என்பது இயேசுவுக்குத் தெரியும். அவன் காலையும் சேர்த்துத்தான் கழுவினார். சேவை செய்தால் இவர்கள் நம் பக்கம் வருவார்களா, நன்றி சொல்வார்களா என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தூண்டிலில் மாட்டிய புழுவாகச் சேவையைப் பயன்படுத்தினால், அதை அந்தச் சீலையோடு சேர்த்துப் பேச எனக்கு மனசு வராது.

உங்கள் சாமியார் செய்ததை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். சடங்கு மறக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும், அது பெரிய உபகாரம். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்பதுதான் என் கேள்வி. போப் பிரான்சிஸ் 2013-ல் பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே பெரிய வியாழன் வந்தது. அவர் ரோமில் சிறார் சிறைச்சாலைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அதில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று 2016-ல் திருச்சபை விதியையே மாற்றினார். 2025-ல் மரிப்பதற்கு நான்கு நாள் முன்னால், குனிய முடியாத உடம்போடு, ரோமிலுள்ள ரெஜினா சேலி சிறைக்குப் போனார். இந்த வருஷம் கழுவ முடியவில்லை, ஆனாலும் உங்கள் பக்கத்தில் இருக்க வந்தேன் என்று கைதிகளிடம் சொன்னார்.

நம் ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. யார் காலை யார் தொடலாம் என்பதற்குச் சாதி பதில் வைத்திருக்கிற மண் இது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய ஆலயத்தையே சாதி பார்த்து இரண்டு கால்கள் மாதிரிப் பிரித்துக் கட்டினார்கள். நடுவே இருந்த பிரிவு 1910-ல்தான் போனது. அந்த ஆலயத்திலும் இதே அதிகாரத்தைத்தான் வாசித்திருப்பார்கள். ஆகவே, உங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளில் எந்தத் தெருக்காரர்கள் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். ஒரே தெருவாக இருந்தால், மரியாதையாகச் சாமியாரிடம் போய்ப் பேசுங்கள். அதுவும் ஒரு ஊழியம்தான்.

சரி, அழுக்கான காலுக்கு வருகிறேன். அங்கே எனக்குத் தெரிந்தது அதிகம்.

தொழுநோய் விரலைத் தின்றுவிடும் என்று ரொம்பக் காலம் நம்பினார்கள். அது தின்பதில்லை. நரம்பைப் பாதித்து வலியை எடுத்துவிடும். வலி இல்லாதவர் காலில் முள் குத்தியபடியே நாலு மைல் நடப்பார், கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார். புண்ணாகும், சீழ் பிடிக்கும், எலும்பு வரை போகும். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். பெற்றோர் அங்கே மிஷனெரிகள். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, அதாவது சிஎம்சிக்கு, வந்தார். மறுவருஷம் செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில் தொழுநோய் நிபுணர் டாக்டர் காக்ரேன் அவரைச் சுற்றிக் காட்டியபோது, மடங்கிப்போன கையுள்ள ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பிடி வலிக்கிற அளவுக்கு இருந்தது. சில தசைகள் செத்திருந்தாலும் மற்றவை நல்ல பலத்தோடு இருக்கின்றன, அவற்றின் தசைநாரை இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிரும் என்று அவருக்குப் புரிந்தது அந்தக் கைப்பிடியில்தான்.

அறுவைச் சிகிச்சை அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. என் மனசில் நிற்பது வேறொன்று. 1950-களின் தொடக்கத்தில் வேலூரில் அவர் ஏற்படுத்திய நவஜீவ நிலையத்தில், சிகிச்சை முடிந்த நோயாளிகள் குடிசைகளில் தங்கித் தொழில் கற்றார்கள். காயம் எப்படி வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ராத்திரி நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருப்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் காவல் இருந்து பார்த்தார்கள். எலி. வலி தெரியாத விரலை எலி கடித்தாலும் தூங்குகிறவருக்குத் தெரியாது. அதன்பிறகு அங்கிருந்து வீட்டுக்குப் போகிறவர்களோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். தம்பி, அன்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனை ஞாபகம் வரும். எலியைக் கண்டுபிடிக்க ஒருவர் ஒரு ராத்திரி விழித்திருக்க வேண்டியிருந்தது. அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இன்னொன்று. நிமிர்த்திய கைகளோடு வெளியே போன சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். முன்பு பிச்சையெடுத்துப் பிழைத்தவர்கள். மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்ட ஊர், நல்ல கைக்குப் போடவில்லை. வேலையும் தரவில்லை, தங்க வீடும் தரவில்லை. டாக்டர் தன் பார்வையில் பெரிய நன்மை செய்திருந்தார். அவர்களுடைய வாழ்க்கையில் அது அரை வேலையாக நின்றுபோயிருந்தது. பிராண்ட் கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். தச்சுவேலை, மர பொம்மை செய்வது என்று தொழில் கற்றுக்கொடுக்கும் இடமாக நவஜீவ நிலையம் உருவானதற்கு அந்தப் புகார்கள் ஒரு காரணம். தாழ்மை என்பதை நான் இங்கேதான் பார்க்கிறேன். நான் கொடுக்க நினைப்பதை வைத்து வேலை தொடங்காமல், எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, வேலையை அதற்கேற்றபடி மாற்றிக்கொள்வது. குனிவது உடம்பால் முடியும். திருத்தப்படச் சம்மதிப்பது மனசு செய்ய வேண்டியது, அது கஷ்டம்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். எங்கள் வேலை இதுதான்: பாதத்தை இருபது நிமிஷம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும், ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும், வெடிப்பு, சிவப்பு, சூடு, வீக்கம் இருக்கிறதா என்று விரலிடுக்கு வரை பார்க்க வேண்டும். பிறகு எம்.சி.ஆர். என்கிற மிருதுவான ரப்பர் செருப்பில் ஆணி, கல் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேர். ஜெபக்கூட்டத்தில் என்னைப் பாராட்டிப் பேசினார்கள், எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்திருந்தது. ஒருநாள் ஒரு பெரியவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நீ என் காலைப் பாக்கலம்மா, கடிகாரத்தப் பாக்குற" என்றார். குதிகாலில் ஒரு வெடிப்பை நான் விட்டிருந்தேன். அவரே தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். அது புண்ணாகி ஆற மூன்று மாசம் ஆனது. அந்த மூன்று மாசமும் அவருக்கு நான்தான் கட்டுப் போட்டேன்.

அன்பு இருந்தால் போதும், வேலை சுமாராக இருந்தாலும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெடிப்பை விட்டுவிட்ட கை அன்பான கைதானா என்று அந்தக் குதிகாலிடம் கேட்க வேண்டும். வேலூர் சிஎம்சியின் முத்திரை வாக்கு மாற்கு பத்தாம் அதிகாரத்திலிருந்து வருகிறது: "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்." சிஎம்சியைத் தொடங்கி அந்த வாக்கை எடுத்துக்கொண்ட ஐடா ஸ்கடர் முதலில் செய்தது என்ன? திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததை அவர் மறக்கவில்லை. வந்து கேட்ட மூன்று கணவர்களும் ஆண் டாக்டரை ஏற்கத் தயாராக இல்லை, ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. அவர் அமெரிக்கா போய்ப் படித்து, 1899-ல் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அந்த ராத்திரி அழுததோடு அவர் நின்றிருக்கலாம். படித்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அந்த அதிகாரத்தில் அதிகம் தவிக்கிறவன் பேதுரு. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறான். கேட்பதற்கு எவ்வளவு பணிவாக இருக்கிறது! இயேசு விடவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்கிறார். ஒரு அதிகாரம் பின்னால் போங்கள். பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாள் முன்பு, பெத்தானியாவில் மரியாள் இயேசுவின் பாதங்களில் விலையுயர்ந்த நளத தைலம் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை, பூசவிட்டார். வீண்செலவு என்று முணுமுணுத்தவனிடம் அவளை விட்டுவிடு என்றார். அவள் துடைத்ததற்கும் பிறகு அவர் சீஷர்களின் கால்களைத் துடைத்ததற்கும் யோவான் கிரேக்கத்தில் ஒரே சொல்லைத்தான் எழுதுகிறார். மற்றவர் கையிலிருந்து வாங்கத் தெரிந்தவர்தான் அடுத்த வாரம் சீலையைக் கட்டிக்கொண்டார்.

எனக்கு வாங்கத் தெரியவில்லை. அந்தப் பெரியவருக்கு இரண்டு வருஷம் கால் கழுவியிருக்கிறேன். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் தன் பிளாஸ்கிலிருந்து, விரல் மடங்கிய அந்தக் கையால், டம்ளரில் டீ ஊற்றி நீட்டினார். என் கை ஒரு நொடி தயங்கியது. அவர் சிகிச்சை முடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது, அவரிடமிருந்து யாருக்கும் நோய் தொற்றாது. நோயாளிகளின் உறவினருக்கு அதை வாரம் தவறாமல் பாடம் எடுக்கிறவளே நான்தான். ஆனாலும் தயங்கினேன். அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். குடித்தேன். ஆனால் அந்த ஒரு நொடி போகவில்லை. அவருக்குக் கீழே குனிந்து வேலை செய்யும்போதும் உள்ளுக்குள் அவருக்கு மேலேதான் இருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து காலை டீயை நானே அவரிடம் கேட்டு வாங்கிக் குடித்தேன். அவர் இருந்த வரைக்கும்.

டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துப் பாருங்கள். வேலூரில் வேலை பார்த்த இளம் டாக்டர். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. எழுந்து உட்காரவே மற்றவர் கை வேண்டியிருந்த நாட்கள் அவருக்கு இருந்தன. அதன்பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-ல் முடங்கியவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் ஒன்றை வேலூரில் தொடங்கினார். மற்றவர் உதவியில் வாழ்வது எப்படியிருக்கும் என்று உடம்பாலேயே தெரிந்த ஒருவர் அவர்கள் கையைப் பிடித்திருக்கிறார். அந்தத் தொடுதல் வேறு மாதிரிதான் இருந்திருக்கும்.

நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் பசிலியு என்ற பேராயர், துறவிகள் தனியாக வனாந்தரத்தில் வாழ்வதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: தனியாக இருந்தால் யாருடைய பாதத்தைக் கழுவுவாய்? அவர் துறவி மட்டுமல்ல, பஞ்சத்தில் ஜனங்களுக்குச் சோறு போட்டவர், தொழுநோயாளிகளுக்கும் இடம் வைத்து ஊருக்கு வெளியே பெரிய இல்லம் கட்டியவர். வடக்கே போக வேண்டும் என்கிற உங்கள் ஆசையைப் படித்ததும் அந்தக் கேள்விதான் எனக்கு வந்தது. ஆசையைக் குறை சொல்லவில்லை. போகிறவர்கள் வேண்டும். பால் பிராண்டின் அம்மா ஈவ்லின், கணவர் 1929-ல் காய்ச்சலில் இறந்த பிறகும் இந்தியாவை விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பி வந்தார். மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார். 1974-ல் 95 வயதில் இறந்தார். கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார்.

நீங்களும் போங்கள், ஆனால் தேர்ச்சியோடு போங்கள். அது வரைக்கும், வலி தெரியாத பாதம் ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இத்தனை நாளும் அதைக் கழுவிவருவது உங்கள் அம்மா என்று நினைக்கிறேன். அவர் உங்களைத் தடுப்பதாக எழுதினீர்கள். ஒருவேளை கூடமாட ஒரு ஆள் வேண்டும் என்று கேட்கிறாரோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்.

பாட்டிக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தொழுநோயாளிகளுக்கு நாங்கள் செய்ததுபோல் இருபது நிமிஷம் ஊறவைக்காதீர்கள். சர்க்கரைக் காலுக்கு அது ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சூட்டை முதலில் உங்கள் முழங்கையால் பாருங்கள், பாட்டியின் காலுக்குச் சூடு தெரியாது. மென்மையான சோப்பு. துடைக்கும்போது விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள், அங்கே ஈரம் நிற்கக்கூடாது. எண்ணெயைப் பாதத்தின் மேலும் கீழும் தடவலாம், இடுக்கில் வேண்டாம். காலாணி, தடித்த தோல் எதையும் வீட்டில் வெட்டாதீர்கள். சின்னக் கொப்புளம், நிறமாற்றம், ஒரு இடத்தில் மட்டும் சூடு, எதைப் பார்த்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போடச் சொல்லுங்கள், போடும் முன் செருப்புக்குள் கைவிட்டுப் பாருங்கள். வெளிச்சம் உள்ள இடத்தில் தரையில் உட்கார்ந்து செய்யுங்கள், நின்றுகொண்டு குனிந்தால் உள்ளங்கால் தெரியாது. பாட்டி கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார், பேரன் காலைத் தொடுவதா என்பார். பேதுருவும் அப்படித்தான் சொன்னான் என்று சொல்லுங்கள். முடிந்ததும் அவர் உங்களுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுப்பார், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், ஒரு சின்னக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பாட்டி அதைத் தரையில் வைத்து, அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்து, தன் உள்ளங்காலைத் தானே பார்த்துக்கொள்வார்.